சுவரில் கபாலி, கையில் பைலாக்ஸ்

சுவரில் படம் போடுகிறவன் தூரிகையைத் தொடுவதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டும்போது கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்ல சுவர். பொள்ளென்று கேட்டால் சாந்துப் பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று பொருள். அதன்மேல் எவ்வளவு நல்ல படம் போட்டாலும் அடுத்த மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும்.

எங்கள் ஜெஞ்சாரோமில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலேசியாவில் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் செம்பனை, காலடியில் ஈர மண். ஈரம் தரையிலிருந்து சுவருக்கு ஏறும். ஏறிய ஈரம் காயும்போது சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். உப்பைக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டும். பாசியைக் குளோரின் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு சீலர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் பூச வேண்டும். பிற்பகல் மழை இறங்குவதற்குள் அன்றைய வேலை முடிந்தாக வேண்டும். படம் என்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

நான் போடுவது சினிமா முகங்கள், கார்ட்டூன்கள், காலண்டர் சித்திரங்கள், மளிகைக் கடை டின்கள். ஜனங்கள் நாள்தோறும் பார்த்துப் பழகிய உருவங்களை எடுத்துத் தெருச் சுவரில் வேறு கோலத்தில் நிறுத்துகிறேன். இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். பிரபலமான முகம் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவ்வளவுதான் அதனால் முடியும். அந்த முகத்தில் நாம் எதை மாற்றினோம் என்பதுதான் ஆளை நிற்க வைக்கும். மாற்றம் இல்லாத படத்துக்கு ஓவியன் தேவையில்லை, அச்சு இயந்திரம் போதும். அந்த இயந்திரம் என் முதல் வேலையைப் பறித்தபோதே இது எனக்கு விளங்கிவிட்டது.

பலகைக் கடை

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் தொண்ணூறுகளில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் வேலை தர்ப்பந்தைனில் தூரிகை கழுவுவது. அடுத்தது நூல் அடிப்பது. நூலில் சாக்கட்டித் தூளைத் தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் பலகையில் நேர்க்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்து நிற்க வேண்டும். மலாய் எழுத்து பெரிதாகவும் எடுப்பாகவும் இருந்தால்தான் பலகைக்கு அனுமதி கிடைக்கும். மிச்ச இடத்தில் தமிழையும் சீனத்தையும் அடக்க வேண்டும். குறைந்த இடத்தில் நிறைய சொல்லும் பழக்கம் அங்கே வந்தது.

கடையில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த வாத்தியாருக்குத் திரையரங்குத் தட்டி வரைந்த அனுபவம் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் பழைய பலகையின் பின்பக்கத்தில் முகம் போடச் சொல்லித்தருவார். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய பலகையில் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுவது பாலபாடம். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் விஷயம். தட்டியைப் பார்க்கிறவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்கு மயிரிழை வேலை தெரியாது. நெற்றியிலும் கன்னத்திலும் ரோஸ் நிறத்தைத் தயங்காமல் வை, நிழல் விழும் பக்கத்தில் நீலத்தையும் பச்சையையும் இழு, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வை, முகம் உயிர்பெற்றுவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் எம்.ஜி.ஆர். சிரிப்பார்.

சென்னை அண்ணா சாலையில் கட்அவுட் வரைந்தவர்களின் கைவித்தையும் இதேதான். தட்டி ஓவியர் எம். பி. தட்சிணாவோடு சேர்ந்து வ. கீதாவும் சிரிஷ் ராவும் உருவாக்கிய ஒரு புத்தகத்தைத் தாரா பதிப்பகம் 2007இல் வெளியிட்டது. சினிமாத் தட்டிகளில் ஒன்பது ரசங்களும் எப்படி வருகின்றன என்று காட்டும் புத்தகம் அது. அது வெளிவந்தபோது தட்டி ஓவியத் தொழில் ஏறக்குறைய முடிந்திருந்தது.

எங்கள் கடையிலும் அப்படித்தான். கணினியில் வடிவமைத்து வினைல் துணியில் அச்சடிக்கும் இயந்திரம் வந்தது. நாங்கள் ஒரு வாரம் வரைவதை அது மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தது. வாத்தியார் ஓய்வெடுத்தார். நான் வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போனேன். உருளையும் ஏணியும் பழகியது அப்போதுதான். பின்னால் பெரிய சுவருக்கு முன் நின்றபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

காலண்டரும் சினிமாவும்

தோட்டத்து வீடுகளில் ஓவியக் கண்காட்சி கிடையாது. சிவகாசியில் அச்சடித்த காலண்டர்தான் இருந்தது. மளிகைக் கடை இலவசமாகக் கொடுக்கும். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் போகும், படம் மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் நிற்கும். அந்தப் படங்களின் மூலவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும்தான் உலகம் முழுக்கத் தமிழர் வீடுகளுக்குப் போனார்கள். நாடக மேடைத் திரைகளை வரைந்து பழகிய கை அது. முன்னால் உருவம், பின்னால் மலையும் அருவியும் என்று அடுக்குவதில் மேடை தெரியும். பொருள் விற்கும் அச்சுப் படம், கோடிக் கணக்கான பிரதிகள், எல்லோருக்கும் தெரிந்த உருவம் என்று பாப் கலைக்குச் சொல்கிற இலக்கணம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்டி வார்ஹோல் 1962இல் சூப் டின்களை வரிசையாக வரைந்து லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வைத்தார் என்று பின்னால் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

இந்த நாட்டுச் சினிமாவில் இன்னொரு கதை இருக்கிறது. பி. ரம்லி மலாய்த் திரையின் அழியாத முகம். அவர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது. இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் இந்திய இயக்குநர்கள் மலாய்ப் படம் எடுத்த காலம் அது. நான் ஒரு சுவரில் ரம்லியையும் எம்.ஜி.ஆரையும் ஒரே மேசையில் கோப்பி குடிக்க உட்கார வைத்தேன். பார்த்தவர்கள் ஒற்றுமைப் படம் என்றார்கள். எனக்கு அது வரலாற்றுப் படம். இரண்டு சினிமாவுக்கும் பாட்டும் வசனமும் சண்டையும் ஒரே அடுப்பில் வெந்தவை.

பிறகு 'கபாலி' வந்தது. 2016 ஜூலையில் பா. ரஞ்சித்தின் அந்தப் படம் வெளியானபோது ரஜினியின் முகம் விமானத்தின் மேல்கூட ஏறியது. ஏர் ஏசியா நிறுவனம் தன் விமானம் ஒன்றில் படத்தை ஒட்டிப் பறக்கவிட்டது. தோட்டத்தில் இருந்து வந்த ஒரு தமிழன் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கிற அந்தக் கோலம் இங்கே பலருக்கு நெஞ்சில் பட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் முடிதிருத்தும் கடையிலிருந்து உணவகம் வரை எல்லோரும் கபாலியை வரைந்து தரக் கேட்டார்கள். சுவரொட்டியில் இருப்பதைப் போலவே வேண்டும் என்றார்கள். சிலவற்றை வரைந்தும் கொடுத்தேன். வீட்டு வாடகை கட்டியது அந்தக் கபாலிகள்தாம். ஆனால் அவை வினைல் இயந்திரத்தின் வேலை. கையால் செய்தேன் என்பதைத் தவிர வேறு பெருமை இல்லை.

பினாங்கில் தொடங்கிய காற்று

மலேசியாவில் சுவர் ஓவியத்துக்கு மதிப்பு வந்தது 2012இல். ஜோர்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஸகாரெவிச் பினாங்கில் வரைந்தார். ஆர்மேனியன் வீதியில் உண்மையான பழைய சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்திருந்தார். அதைப் பார்க்க வரிசை நின்றது. அதற்குப் பிறகு எல்லா ஊருக்கும் ஒரு சுவர் ஓவியச் சந்து வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் பெட்டாலிங் ஸ்திரீட் அருகே குவாய் சாய் ஹோங் சந்து 2019இல் திறந்தது; அறுபதுகளின் சீனர் வாழ்க்கையை அங்கே வரைந்திருக்கிறார்கள். ஜாலான் பங்கோங்கில் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த தங்க ஆசாரி, ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க உட்கார்ந்து நகை செய்கிறார். சபாவின் சண்டகானிலிருந்து வந்த கென்ஜி சாய் தன் நீல நாயைப் பல ஊர்ச் சுவர்களில் நடமாட விட்டார். பசார் செனி ரயில் நிலையத்தை ஒட்டி, கிள்ளான் ஆற்றின் கரைச் சுவர்களில் கிராஃபிட்டிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஸகாரெவிச் 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் போட்ட ஒரு படம். லெகோ பொம்மை வடிவத்தில் ஒரு பெண், கையில் விலையுயர்ந்த கைப்பை, தெரு முனையை நோக்கி நடந்து வருகிறாள். முனைக்கு அந்தப் பக்கம் இன்னொரு லெகோ பொம்மை கத்தியோடு காத்திருக்கிறது. ஊரில் வழிப்பறி பற்றிய பேச்சு ஓங்கியிருந்த நேரம். மாநகர் மன்றம் சில நாளிலேயே அதன்மேல் வெள்ளை அடித்தது. அடித்த பிறகுதான் படம் நாடு முழுக்கப் பரவியது. சட்டைகளில் வந்தது, ஸ்டிக்கராக வந்தது.

அந்தப் படத்தில் தொழில் தெரிந்தவன் கவனிக்க வேண்டியது, பொம்மைகளைச் சுவரின் முனைக்கு இருபுறமும் பிரித்து வைத்ததை. ஒரே சுவரில் இரண்டையும் வைத்திருந்தால் வேடிக்கைப் படம். முனையில் பிரித்ததால் நடந்து போகிறவனே அந்தப் பெண்ணாகிறான். குழந்தை விளையாட்டுப் பொருள் என்கிற தெரிந்த உருவத்தை எடுத்து, அதன் கையில் கத்தியைக் கொடுத்து, சுவரின் வடிவத்தையும் கதையில் சேர்த்துக்கொண்டார். மாற்றம் என்று நான் சொல்வது இதை.

மாவுப் பசையும் வெட்டு அட்டையும்

சுவரொட்டி ஒட்டும் பசை எங்கள் ஆட்களுக்குப் பழைய சரக்கு. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில் துத்தம் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தெரு ஓவியர்கள் தாளில் வரைந்து இரவோடு இரவாக ஒட்டிவிட்டு ஓடுவது இதே மாவுப் பசையில்தான். ஷெப்பர்ட் ஃபேரி 1989இல் ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஒட்டத் தொடங்கியதும், அதற்கு முன் எண்பதுகளின் தொடக்கத்தில் கீத் ஹாரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் இல்லாத கறுப்புத் தாள்களில் சாக்கட்டியால் வரைந்ததும் ஒரே வழிதான். விளம்பரம் பேசுகிற இடத்தில் போய் விளம்பரத்தின் குரலிலேயே வேறு சேதி சொல்வது.

தமிழரில் இந்த வழியில் உலகத்துக்குத் தெரிந்தவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியாக அறிந்தவர்களுக்கு அவர் முதலில் ஓவியர் என்பது தெரிந்திருக்காது. லண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். 2001இல் போர்ட்டோபெல்லோ சாலையில் ஒரு கடையில் தன் முதல் கண்காட்சியை வைத்தார். வெட்டு அட்டை வைத்து ஸ்பிரே அடித்த படங்கள். புலி, பனைமரம், துப்பாக்கி எல்லாம் மிட்டாய் நிறத்தில். போர்ச் சுவர்களில் இருக்கும் உருவங்களை லண்டனின் கடைத்தெரு நிறங்களில் கழுவி எடுத்திருந்தார். மாற்று டர்னர் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டது. அடுத்த ஆண்டே படங்கள் புத்தகமாக வந்தன. அந்த அரசியலோடு ஒத்துப்போகாதவர்கள்கூட நிறம் செய்த வேலையை மறுக்க முடியாது. சிவப்பிலும் கறுப்பிலும் இருந்திருந்தால் அது கட்சிச் சுவரொட்டி. ரோஸிலும் எலுமிச்சை மஞ்சளிலும் இருந்ததால் பார்த்தவர்கள் விலகிப் போகாமல் கிட்டே வந்தார்கள்.

வெட்டு அட்டை வேலை பார்க்க எளிது, பிடிபட நாளாகும். படத்தை வெளிச்சம், நடுநிறம், நிழல் என்று மூன்றாகப் பிரித்து மூன்று அட்டை வெட்ட வேண்டும். வெட்டும்போது உள்ளே தனியாக நிற்கும் துண்டு கீழே விழும். கண்ணுக்குள் இருக்கும் வெண்புள்ளியும், ‘ஒ’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டும் இப்படித்தான் விழும். அவற்றைப் பிடித்து வைக்க மெல்லிய பாலம் விட்டு வெட்டுவார்கள். கெட்டிக்காரன் அந்தப் பாலம் தெரியாத இடத்தில் விடுவான். அதைவிடக் கெட்டிக்காரன் அதையே அழகாக்குவான். இங்கே ஸ்பிரே டின் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஜனங்களுக்கு அது பைலாக்ஸ்தான். டின்னைக் கை வலிக்கக் குலுக்கு. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க வேண்டும். கிட்டே பிடித்தால் கோடு கூர்மையாகும், ஆனால் வழியும். தள்ளிப் பிடித்தால் புகை போலப் படரும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கரைப்பான் ஆவியைத் துணி தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடிதான் தடுக்கும். நுரையீரலுக்கு மேல்பூச்சு அடிக்க முடியாது.

ஜெஞ்சாரோம் சுவர்

ஜெஞ்சாரோம் மலாயா அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம். டோங் சென் கோயிலின் விளக்கு விழாவுக்குச் சீனப் புத்தாண்டில் கூட்டம் வரும். மற்ற நாளில் அமைதியான ஊர். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்குவதை நிறுத்தியது. அந்தக் குப்பை கொள்கலன்களில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. கோலா லங்காட் வட்டாரத்தில் செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. விற்க முடிந்ததை உருக்கினார்கள். முடியாததை இரவில் எரித்தார்கள். ஊர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியது. பிள்ளைகள் இருமினார்கள். ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து படம் எடுத்து, புகார் எழுதி, அதிகாரிகளை அழைத்து வந்தார்கள். ஜெஞ்சாரோமில் 17,000 டன் குப்பை குவிந்து கிடக்கிறது என்று 2019 பிப்ரவரியில் பிபிசி சொன்ன பிறகு உலகத்துக்கே ஊரின் பெயர் தெரிந்தது. அந்த மே மாதம் அமைச்சர் இயோ பீ யின் 3,000 டன் வரையிலான குப்பையை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு கோப்பிக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, தன் பக்கச் சுவரைக் கொடுத்தார். காசு தரமாட்டேன், சாயம் மட்டும் வாங்கித் தருகிறேன் என்றார். நான் மனதில் வைத்திருந்தது கபாலி. அந்தப் புகழ்பெற்ற உட்காரும் கோலம். ஆனால் நாற்காலிக்குப் பதில் கட்டிக் கட்டியாக அமுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் குப்பை மூட்டைகள். கோட்டுப் பையில் இருக்க வேண்டிய கைக்குட்டை மூக்கில். கண்ணாடியில் நெருப்பின் பிரதிபலிப்பு.

சுவரில் தொடங்கும் முன் வரைவைக் கடையில் வைத்து வருகிறவர்களிடம் காட்டுவது என் வழக்கம். தமிழ்ப் பிள்ளைகள் பார்த்ததும் கைதட்டினார்கள். தவுக்கே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "தம்பி, இந்த அங்கள் யார்? உங்க ஆளா?" என்று மலாயில் கேட்டார். பக்கத்து மேசைச் சீனப் பெரியவர்களுக்கும் தெரியவில்லை. ரஜினியைத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு நம்ப முடியாத சங்கதி. ஆனால் தெருவின் பாதிப் பேருக்கு விளங்காத முகத்தை அந்தத் தெருவில் வைத்துப் பயனில்லை. "உங்களுக்குத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது சீனக் கதையில் வரும் குரங்கு ராஜா சுன் வூகோங்கை. தொலைக்காட்சித் தொடரில் பார்த்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மலாய்ப் பிள்ளைகளுக்கும்கூட அவர் தெரிந்தவர்.

அப்படித்தான் சுவரில் இரண்டு பேர் வந்தார்கள். கபாலி குப்பை மூட்டைமேல் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரங்கு ராஜா தன் மந்திரக் கோலைத் தோளில் போட்டு, அதன் ஒரு முனையில் ஒரு கொள்கலனைத் தொங்கவிட்டுக் கடலைப் பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொள்கலன்மேல் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு இடம் விட்டு, பெறுநர் பெயரை அழித்து அனுப்புநரை நோக்கி அம்புக்குறி போட்டேன். வசனம் எதுவும் எழுதவில்லை. சந்தைக்கு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இவராவது கொண்டுபோய்க் கொடுக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தவுக்கே கடையை விற்றார். புதிய உரிமையாளர் சாம்பல் நிறம் அடித்தார். அது அவர் சுவர், அவருக்கு உரிமை இருக்கிறது. வெளிச் சுவரில் போடுகிறவன் இதற்கு வருந்தினால் தொழில் செய்ய முடியாது.

எண், சட்டம், பணம்

கபாலி வரைந்த காலத்தில் எனக்கு வந்த ஆபத்தான வேண்டுகோள் முகத்தைப் பற்றியது இல்லை. பின்னணியில் ஓர் எண்ணை மட்டும் சின்னதாகப் போட்டுக்கொடுங்கள் அண்ணே என்று இளைஞர்கள் கேட்பார்கள். பல குண்டர் கும்பல்கள் இந்நாட்டில் எண்ணால் அறியப்படுகின்றன. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலிலேயே 04, 08, 36 போன்ற எண்கள் இருந்தன. சுவரில் ஓர் எண் வந்தால் அந்தச் சந்து யாருடையது என்று அறிவித்ததாக ஆகிவிடும். எண் கேட்டால் நான் டின்னை மூடிவிடுவேன். படத்தை விடவும் அந்தப் பிள்ளை முக்கியம். சினிமாவுக்கே இந்தக் கவலை இருந்தது. மலேசியத் திரையரங்குகளில் ஓடிய 'கபாலி'யின் முடிவில் நாயகன் போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள்.

மதம், இனம், அரசர் ஆகிய மூன்றையும் தொடாதே என்பது இங்கே எல்லா ஓவியர்களும் அறிந்த விதி. அரசியல்வாதிகளைத் தொட்டவர் ஃபாஹ்மி ரேசா. அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்தை 2016இல் வெள்ளை பூசிய கோமாளியாக வரைந்தார். அது சுவரொட்டியாகவும் ஸ்டிக்கராகவும் பரவியது. 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கி, அபராதம் 10,000 ரிங்கிட்டாகக் குறைந்தது. வெள்ளைப் பூச்சைத் தவிர, புருவத்தையும் உதட்டையும் மட்டும்தான் அவர் மாற்றினார். மாற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்பதற்கு அது சான்று.

அடுத்தவர் படத்தை எடுத்தாளும்போது காப்புரிமை என்று ஒன்று இருக்கிறது. ஃபேரி 2008இல் செய்த ஒபாமாவின் 'ஹோப்' சுவரொட்டி, ஏபி செய்தி நிறுவனத்துக்காக எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. வழக்கு 2011இல் சமரசமானது. ஆனால் வழக்கில் ஆதாரங்களைத் திரித்ததற்காக 2012இல் அவருக்கு 25,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹோல் செய்த படத்தை வெளியிடப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது நியாயமான பயன்பாடு ஆகாது என்று 7–2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டு 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பொது இடத்தில் நிலையாக இருக்கும் கலைப்படைப்பைப் படம் எடுத்துப் பரப்புவதற்கு விலக்கு தருகிறது. அதாவது நான் சுவரில் போட்டதை நீங்கள் படம் எடுக்கலாம். நான் சினிமாச் சுவரொட்டியை அப்படியே சுவரில் போட்டால் மாட்டிக்கொள்வேன். புகைப்படத்தைப் பார்த்து அச்சாக வரையாதே, நாலைந்து படங்களைப் பார்த்து முகத்தை மனதில் வாங்கிக்கொண்டு நீயே வரை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில் கலையும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

பணம் வருவது உணவகங்களிடமிருந்தும் வீடமைப்பு நிறுவனங்களிடமிருந்தும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பிரபல முகம், பக்கத்தில் ஆள் நின்று படம் எடுக்க ஓர் இடம், முடிந்தால் இரண்டு இறக்கைகள். செய்கிறேன், கூலி வாங்குகிறேன், நன்றாகவும் செய்கிறேன். ஆனால் அதை அலங்காரம் என்று சொல்லித்தான் விலைச்சீட்டு எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட்டில் வெய்-லிங் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே ஜே. அனுரேந்திர ஜெகதேவாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவர் தெரு ஓவியர் இல்லை. ஆனால் மலேசியத் தமிழர் வாழ்க்கையின் மணவறையையும் வீட்டுப் பொருள்களையும் பிரபல முகங்களையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்து அவற்றைப் பேச வைப்பார். சினிமா முகம் வரைய வரும் பிள்ளைகளை அந்த மாதிரிப் படங்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முகத்தைப் பார்க்கச் சொல்லக் கூடாது. முகத்துக்குப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

என்னிடம் தொழில் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் வரைந்து பழகியவர்கள். சுவரில் தாறுமாறாகக் கிறுக்கி, அதைப் படம் எடுத்து, தங்கள் வரைவை அதன்மேல் பொருத்தி, கிறுக்கலையே அளவுகோலாக வைத்து வரைகிறார்கள். நூலும் கட்டமும் இல்லாமலே முகம் சரியாக வருகிறது. நல்ல முறை, நானும் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு முகம் வரையச் சொல்லித்தர என்னிடம் அதிகம் இல்லை. நான் கேட்பது ஒரு கேள்விதான்: இதில் நீ எதை மாற்றினாய், அது இந்தத் தெருவுக்கு எதற்கு?

பதில் இருக்கிறவர்கள் வரையட்டும். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கச் சுவர் சும்மா பாசி பிடித்துக் கிடந்தால் உங்கள் வட்டாரத்துப் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள். சாயமும் பாதுகாப்பான சாரமும் வாங்கிக்கொடுங்கள். படம் எத்தனை காலம் இருக்கும், அழிப்பதற்கு முன் சொல்வீர்களா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்டு வாங்குங்கள். இளைஞர்கள் கூலியைக் கேட்டு வாங்க வேண்டும். முகம் சினிமாக்காரருடையது, சுவர் கடைக்காரருடையது. நீங்கள் மாற்றிய இடம் உங்களுடையது. கூலி அதற்குத்தான்.